இரண்டு சரையிலும் வெள்ளைப் பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணிதம் படிப்பித்தவன். பேய், முனி, செய்வினை, சூனியம் என்று ஊரில் சொல்வதொன்றையும் நம்பியவனில்லை, இன்றைக்கும் நம்புகிறவனில்லை. கோயிலுக்குப் போவேன், அதுவும் அம்மாவுக்காகப் போவேன், திருநீறு பூசுவேன், அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு மாஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்று வெளியில் போய்ச் சிரிப்பீர்கள், அது எனக்குத் தெரியும், சிரியுங்கள், எனக்குக் கவலையில்லை. எனக்கு இதில் பயமும் இல்லை. எரிச்சல்தான் இருக்கிறது. ஒரு கணக்கு இத்தனை வருடமாக விடை வராமல் நிற்கிறது, எந்தப் பக்கத்தால் தொட்டாலும் முட்டுகிறது, அந்த எரிச்சல்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம், சிவபாலன் பௌதிகம். அவனுக்கு ஊர் காரைநகர். தினமும் பாதையில்தான் வந்துபோவான். பாதை என்று நாங்கள் சொல்வது, இரண்டு கரைக்கும் நடுவில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி இறக்குகிற தட்டை மிதவை. என் வயதுக்காரன், எனக்கிருந்த ஒரே சிநேகிதன் என்றே சொல்லலாம், ஏனென்றால் என் வாய்க்குப் பயந்து மற்ற ஆசிரியர்கள் ஒருவரும் என்னோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். சிவபாலன்தான் நான் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டு இருப்பான்.

அவனுக்கு லண்டனில் ஒரு மச்சான் இருந்தான், அவன் அனுப்பும் சஞ்சிகைகளில் வருகிறதையெல்லாம் ஆசிரியர் அறையில் வந்து அவிழ்ப்பான். ஒருநாள் புதுசாக ஒன்று கொண்டுவந்தான். இரண்டு விதமாக நடக்கக்கூடிய எதுவும் இரண்டு விதமாகவும் நடக்கிறதாம், அந்த இடத்தில் உலகமே இரண்டாகப் பிரிகிறதாம், நாங்கள் ஒன்றில் இருக்கிறோமாம், மற்றதில் எங்களைப் போலவே இன்னொருவர் இருக்கிறாராம், இப்படி எண்ணமுடியாத உலகங்கள் இருக்கின்றனவாம். அமெரிக்காவில் பெரிய பெரிய படிப்பாளிகள் இதைச் சொல்கிறார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகைக்குப் போய்ச் சோக்கை எடுத்துவிட்டேன். எல்லாமே நடக்கிறதென்றால், ஏதாவது ஒரு உலகத்தில் ஒருவன் மற்ற உலகங்களுக்குப் போக வழி கண்டுபிடித்திருக்கவேண்டும். உலகங்களுக்கு எண்ணிக்கை இல்லையென்றால் அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்கும் எண்ணிக்கை இல்லை. அவர்கள் இங்கேயும் வந்திருக்கவேண்டும், சந்தைக்குள் நடக்க இடமிருக்காது. ஒருவரும் வரவில்லை. ஆகவே அப்படி உலகங்கள் இல்லை. முடிந்தது. அதோடு விடவில்லை, இன்னொன்றும் எழுதினேன். எல்லாம் நடக்குமென்றால் இந்தக் கொள்கை பிழையென்று நிறுவப்படுகிற உலகமும் ஒன்று இருக்கவேண்டும், அப்படி ஒன்று இருந்தால் கொள்கை பிழை, இல்லாவிட்டால் எல்லாம் நடக்கும் என்பது பிழை, எப்படிப் பார்த்தாலும் பிழை.

சிவபாலன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "பிழையான நிறுவலுக்கும் ஏதோ ஒரு உலகத்திலை முழுப் புள்ளி கிடைக்கும், மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டான், "ஒருத்தரும் வரேல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? உம்மை மாதிரியே ஒருத்தர் வந்தால், ஆர் அவரைப் பிடிச்சு நீர் வேறையாள் எண்டு சொல்லுறது?"

நம்பினால் நம்புங்கள், அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தில் ஒரு வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது. இனி என்ரை வீட்டுப் படி மிதிக்காதையும் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவன் தன்னுடைய பிளேன்ரீக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்து, குடியும், ஆறுது என்றான். ஏனோ தெரியாது, அதை எடுத்துக் குடித்துவிட்டேன். வார்த்தையும் அதோடு உள்ளே போய்விட்டது. இந்தப் பிளேன்ரீயை நீங்கள் மறந்துவிடவேண்டாம், பிறகு தேவைப்படும்.

வீட்டுப் படி என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. என் தங்கச்சி யோகத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஐயா காலமாகிவிட்டார், பொறுப்பு என்னுடையது. இரண்டு சம்பந்தம் வந்திருந்தது. ஒன்று சிவபாலன் வீட்டிலிருந்து. மற்றது கனகு என்று எங்களுக்குத் தூரத்து உறவு, தீவை விட்டுப் போய்க் கிளிநொச்சியில் வயல் செய்கிறவன். சிவபாலனின் சாதகம் மத்திமம் என்றார்கள், கனகுவினது உத்தமம். எனக்குச் சிவபாலனைத் தவிர வேறு யோசனையே இல்லை. படித்தவன், நல்லவன், என் குணத்தையே பொறுக்கிறவன் என் தங்கச்சியைக் கண்ணில் வைத்துப் பார்ப்பான். யோகத்தைக் கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் சொல்லுறதுதான் அண்ணை என்பாள். அம்மாவுக்கு ஒருநாள் இவன், ஒருநாள் அவன். கடைசியில் அம்மா சொன்னா, நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் அம்மாளிடம் பூக்கட்டிப் பார்ப்போம், அவ சொல்கிறபடி செய்வோம்.

பூக்கட்டிப் பார்க்கிறதென்றால் உங்களுக்குத் தெரியும்தானே. கடதாசிப் பொட்டலமாகக் கட்டின ஒரு சரையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு, இரண்டையும் வெளியில் வித்தியாசம் தெரியாமல் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுக்கிறது. வெள்ளை வந்தால் சிவபாலன், சிவப்பு வந்தால் கனகு. அம்மா அப்படித்தான் நேர்ந்தா. சரை கட்டுகிற வேலை எனக்கு.

இனி நான் சொல்வது எனக்கு வெட்கமான விஷயம். ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சரிபாதிச் சந்தர்ப்பத்தில் விடுவதா என்று எனக்கு ஆத்திரம். விடியப்புறம் அம்மா பார்க்கத்தக்கதாகச் சிவப்புச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அறைக்குள் போய் என் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அதை இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். இரண்டிலும் வெள்ளை. செவ்வரத்தையைப் பின்வளவில் கட்டியிருந்த ஆட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அது தின்று முடிக்குமட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஏனென்றால் நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை.

சரை இரண்டும் என் சேட்டுப் பொக்கற்றில். பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகில் நயினாதீவு. வழி முழுக்க என் கை பொக்கற்றின்மேல். கோயில் வாசலில் ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றவேண்டுமே, அங்கேதான் யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்ல வருவீர்கள், வேண்டாம், அதையும் யோசித்துவிட்டேன். சேட்டைக் கழற்றுமுன்னமே சரைகளைக் கைக்குள் எடுத்துப் பொத்திக்கொண்டேன். ஐயர் நீட்டிய தட்டில் என் கையால் வைத்தேன். அவர் எங்கள் கண்முன்னாலேயே கொண்டுபோய் வைத்து, தீபம் காட்டி, தட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் பிடித்தார். ஒரு கண்வெட்டுக்குக்கூட நான் பார்வையை எடுக்கவில்லை. யோகம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், அவளின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அம்மா ஒன்றை எடுத்து அவிழ்த்தா. சிவப்பு.

செவ்வரத்தை. கசங்காமல், அப்போதுதான் பிடுங்கினது மாதிரி. ஆட்டின் வயிற்றில் இருக்கவேண்டிய பூ அம்மாவின் உள்ளங்கையில் இருந்தது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மாள் சொல்லிப்போட்டா, கனகுதான்" என்றா. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். என்னத்தைச் சொல்வது? இது நடக்க ஏலாது, ஏனென்றால் இரண்டிலும் வெள்ளைதான் கட்டினேன் என்றா? அம்மாளுக்கு முன்னால் நின்று, அம்மாளையே ஏமாற்றப் பார்த்தேன் என்றா? என் வாழ்க்கையில் கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் நின்ற நாள் அது ஒன்றுதான். பொய் வந்திருக்கிறது என்று நிரூபிக்க நான் முதலில் பொய்யன் என்று நிரூபிக்கவேண்டும். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன எரிச்சல் வேண்டும்.

மற்றச் சரையை அவிழ்க்காமல் கடலில் போடச் சொல்லி ஐயர் தந்தார். அம்மா அதையும், தான் அவிழ்த்த பூவையும் தாளையும் என்னிடம் தந்தா. இறங்குதுறையில் அவர்கள் லோஞ்சுக்குள் ஏறி இருந்த பிறகு நான் ஒரு ஓரமாகப் போய்ப் போடுகிறது மாதிரிப் பாவனை செய்துகொண்டு அவிழ்த்தேன். அதற்குள்ளும் செவ்வரத்தை.

அப்படியே நிற்கிறேன், லோஞ்சுக்காரர் வந்து என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். அவர் எனக்குப் புதிய ஆளில்லை, அவருடைய மகள் என்னிடம் படித்தவள்.

"மாஸ்டர், உங்களை இப்பதானே அந்தக் கரையிலை இறக்கிப்போட்டு வாறன். எப்பிடித் திரும்பவும் இஞ்சை?"

நாங்கள் இப்போதுதான் கோயிலிலிருந்து வருகிறோம் என்றேன். அவர் விடவில்லை.

"இல்லை மாஸ்டர், அம்மா, நீங்கள், தங்கச்சி, மூண்டு பேரும். நீங்கள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்தனீங்கள். தங்கச்சிதான் ஒரே சிரிப்பு. நான் கேட்டனான் என்ன பிள்ளை நல்ல விஷயமோ எண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வெய்யிலுக்குள் நின்று உமக்கு விசர் பிடித்துவிட்டது, பேசாமல் லோஞ்சை எடும் என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிப் போனார். உள்ளே யோகம் ஒரு மூலையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு கொப்பியை எடுத்தேன். யாராவது மாற்றியிருந்தால் தாள் வேறாக இருக்கவேண்டும். தாள் அதே சதுரக்கோட்டுத் தாள், மூலையில் என்னுடைய கையெழுத்தில் இலக்கங்கள், முடிச்சும் நான் போடுகிற முடிச்சு. சரி, அப்படியென்றால் கிழித்த இடத்தில் பொருந்தவேண்டுமே? வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இரண்டு துண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன, கொப்பியோடு மட்டும் பொருந்தவில்லை. என் கொப்பியில் பல்லுப் பல்லாகக் கிழிந்திருக்கிறது, அந்தத் தாள் நேராகக் கிழிந்திருக்கிறது. என் கையெழுத்து, ஆனால் நான் கிழித்த தாள் இல்லை. அம்மாவில் சந்தேகப்பட்டேன், ஐயரில் சந்தேகப்பட்டேன், யோகத்திலும் சந்தேகப்பட்டேன். யாரையும் கேட்க முடியாது, கேட்டால் என் கள்ளம் வெளிக்கும். பூ இரண்டையும் தாள்களையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

யோகத்துக்கும் கனகுவுக்கும் கலியாணம் நடந்தது. கனகு நல்ல மனிதன், நான்தான் அவனைச் சேற்றுக்காலன் என்று நினைத்திருந்தேன். அவள் கிளிநொச்சிக்குப் போனாள், இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சிவபாலன் கலியாண வீட்டில் தோரணம் கட்டினான், பந்தி பரிமாறினான், உனக்குப் பெண் பார்க்கிறோம் என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனான்.

மூன்று வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் பின்னேரம் பாதைக்குக் காத்து நிற்கும்போது அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை, பாதை வந்து ஆட்கள் ஏறி அது போனபிறகும் ஏறாமல் நின்றான்.

"கணக்கு நேராத்தானே கிடக்கு" என்றான். "இன்னொரு பக்கத்திலை ஒரு நீர் இருந்திருக்கிறீர். அவரும் கள்ளன்தான். அவர் ரெண்டிலையும் சிவப்புக் கட்டினவர். சரை மாறிப்போச்சு. உம்மடை வெள்ளை ரெண்டும் அவருக்குப் போயிருக்கும்."

"அவன் ஏன் சிவப்புக் கட்டவேணும்? நானெண்டால் உம்மைத்தானே விரும்புவன்?"

"ஆருக்குத் தெரியும், அங்கை நீர் என்னோடை கோவமாக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பிளேன்ரீ நினைவுக்கு வந்தது. இங்கே நான் விழுங்கின வார்த்தையை அங்கே ஒருவன் விழுங்கவில்லை. வீட்டுப் படி மிதிக்காதையும் என்று சொல்லிவிட்டான். சொன்னவன் சிவபாலனுக்குத் தங்கச்சியைக் கொடுப்பானா? இரண்டிலும் சிவப்பைக் கட்டிக்கொண்டு போயிருப்பான், போய் வெள்ளையை வாங்கிக்கொண்டு, மூஞ்சையை நீட்டிக்கொண்டு லோஞ்சில் திரும்பியிருப்பான். இல்லை, விசர்க்கதை, இருக்க ஏலாது என்று கத்தினேன். அவன் என் தோளில் கை வைத்து, "அங்கை நான் உமக்கு மச்சான் முறை. குடுத்துவைச்சவன்" என்றான். அடுத்த பாதையில் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஒருநாள் காலை பாதையால் இறங்கி வந்தவன் துறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான், இருந்தவன் எழும்பவில்லை. நான் போய்ச் சேர முன்னமே முடிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதுகூட இல்லை. அவனுடைய தாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளை ஒரு கலியாணமும் பாராமல் போட்டானே என்று அழுதா. நான் அந்த மனுசியின் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், என் புத்தி என்ன செய்கிறது தெரியுமா, கணக்குப் பார்க்கிறது. அங்கேயும் இவன் இறந்திருந்தால், அங்கே யோகம் விதவை. நான் கட்டி அனுப்பின இரண்டு வெள்ளைப் பூவால் விதவை. அங்கே இருந்தவன் ஆத்திரத்தில் செய்தாலும் அவளைக் காப்பாற்றத்தக்கதாகக் கட்டியிருந்தான், நான் அதைத் தட்டிப் பறித்துவிட்டேன். அங்கே அவன் இறக்காமலும் இருக்கலாம் என்பீர்கள். ஓம், இருக்கலாம். இறந்த உலகமும் இருக்கும், இறக்காத உலகமும் இருக்கும், நான் கள்ளமே செய்யாத உலகமும் இருக்கும். இந்தக் கொள்கையில் ஒரு மனிதன் ஒழுங்காகக் குற்றவாளியாகவும் இருக்க ஏலாது, நிம்மதியாக இருக்கவும் ஏலாது. எனக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை, பிடிக்கக்கூடிய ஒருவனையும் எரித்துவிட்டு வந்தோம்.

யோகம் அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தாள். அம்மாவும் அதற்குள் காலமாகிவிட்டா, மறைப்பதற்கு இனி ஒருவரும் இல்லை. குசினியில் அவள் காய் வெட்டிக்கொண்டிருக்க, ரின்னைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் திறந்து, ஆட்டிலிருந்து லோஞ்சு வரைக்கும் சொன்னேன். லோஞ்சுக்காரர் என்னைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன், அவளைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை, அப்போது அது பெரிதாகவும் தெரியவில்லை. கடைசியில், உண்மையைச் சொல், நீதான் சரையை மாற்றினாயா, கனகுவை விரும்பித்தான் மாற்றினாயா, நான் கோபிக்கமாட்டேன் என்று கேட்டேன். அவள் மாற்றினேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நான் இன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொள்ளுவேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். காய்ந்து கறுத்துப்போன அந்தப் பூவை விரலால் ஒருதரம் தொட்டாள்.

"நான் வெள்ளை வரவேணும் எண்டுதான் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான், அண்ணை."

இவ்வளவு காலமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சொல்லுறதுதான் என்றவள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் பூவும் வேண்டாம், நயினாதீவும் வேண்டாம், அம்மாவின் காலில் விழுந்தாவது முடித்திருப்பேன். அந்த எரிச்சலை யாரில் காட்டுவது? நான் கேட்கிற மாதிரிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ரின்னை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு அவள் கேட்டாள், "அப்ப அங்கை எனக்கு வெள்ளை வந்திருக்கும், என்ன?"

"அவன் சொன்னபடி பார்த்தால், ஓம்."

"அண்டையிலையிருந்து இண்டைக்கு எத்தினை வருசம்?"

"ஐஞ்சு."

"ஐஞ்சு வருசம்" என்றாள். அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, கத்தியை எடுத்து மிச்சக் காயை வெட்டத் தொடங்கினாள். வெளியில் கனகு பிள்ளைகளைக் கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்து, இஞ்சை வாங்கோடா என்று வழமையான குரலில் கூப்பிட்டாள்.

நான் செய்த பாவம் எது என்று இதுவரை எனக்குத் தெரியாது. அங்கே இருக்கிறவளை விதவையாக்கினேனா, அல்லது அவளுக்கு அந்த ஐந்து வருடத்தை வாங்கிக்கொடுத்தேனா? இங்கே இருக்கிறவளைக் காப்பாற்றினேனா, அல்லது அவள் கும்பிட்டுக் கேட்டதை அவளுக்கு இல்லாமல் ஆக்கினேனா? எத்தனை தரம் எழுதிப் பார்த்தும் இரண்டு பக்கமும் சமன்வரவில்லை. தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன், நீங்கள் வந்தால் காட்டுகிறேன், கொப்பியோடு வைத்துப் பாருங்கள், பொருந்தாது.

தாளைக்கூட விடுங்கள். அன்றைக்குக் குசினியில் அவள் ஐந்து வருடம் என்று சொன்ன நிமிடத்தில்தான் லோஞ்சுக்காரர் சொன்னது எனக்கு உறைத்தது. மூன்று பேரும் வந்தோமாம், நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்தேனாம், தங்கச்சி ஒரே சிரிப்பாம். யோகம் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. அந்த மனிதர் கண்டிருக்கிறார். அதை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.